பிரேக்கில் மங்கிய பின்விளக்கு: வெள்ளத்தில் நின்ற ஒரு காரின் வயரிங் பழுது

வண்டியும் பின்னணியும்

எட்டு ஆண்டு ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். ஓடோமீட்டரில் ஏறத்தாழ 70,000 கி.மீ. தென்சென்னையில் ஒரு குடும்பம் வைத்திருப்பது. மனைவி தினமும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) வழியாக வேலைக்கு ஓட்டிப் போகிறார். வாங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு அக்சஸரி கடையில் ரிவர்ஸ் கேமரா பொருத்தியிருந்தார்கள். கம்பெனி வயரிங்கில் வெளியாள் கை வைத்தது அந்த ஒரு முறைதான்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் மழையின்போது, வேளச்சேரிப் பக்கம் தெருவில் நின்ற இந்தக் காருக்குள் இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியது. இரண்டு நாள் வடியவில்லை. அந்த இரண்டு நாளும் பேட்டரி இணைப்பு கழற்றப்படவில்லை. பிறகு இன்சூரன்ஸ் மூலம் சீர் செய்தார்கள். தரைவிரிப்பும் இருக்கை பஞ்சும் மாறின, எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மாறின, உள்ளே நாற்றம் போகும்வரை உலர்த்தினார்கள். பின்பக்க பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி எர்த் போல்ட்டுகளை, அதாவது விளக்குகளின் மின்சாரம் காரின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்புகளை, பார்த்ததாகப் பில்லில் எதுவும் இல்லை. வண்டி நன்றாக ஓடியது, ஏழு மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை.

இந்த ஏழு மாத இடைவெளிதான் பலரை ஏமாற்றுகிறது. வெள்ள நீர் வற்றினாலும், வயரின் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) நசுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில், இழைகளுக்கு இடையே புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது. சாக்கடை கலந்த நீரில் உப்பு உண்டு. அது செப்பை மெல்லத் தின்று களிம்பாக்கும். களிம்பு மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. பழுது வெளியே தெரியும்போது வெள்ளத்தை யாரும் நினைப்பதில்லை.

முதல் நான்கு மாதங்கள்

2024 ஜூலையில், பின்னால் இருசக்கர வாகனத்தில் வந்த கணவர், பிரேக் போடும்போது இடதுபக்க விளக்கு வலதைவிட மங்கலாக இருப்பதைக் கவனித்தார். பக்கத்துக் கடையில் பல்பை மாற்றினார்கள். இரண்டு நாள் சரியாக எரிந்து மறுபடி மங்கியது. செப்டம்பருக்குள் மூன்று பல்புகள் மாறின.

பல்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்குக் கூட்டை இழுத்துக் கழற்ற வேண்டும். அப்போது பின்னால் உள்ள வயர் கட்டும் அசையும், களிம்பேறிய முனை சற்றே நகர்ந்து புதிதாகத் தொடும். சில நாள் வெளிச்சம் அதனால் வந்தது. கடைக்காரர் அதைப் புதுப் பல்பின் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் சாதாரணப் பல்புகளை எடுத்துவிட்டு இருபுறமும் எல்இடி பல்புகள் போடப்பட்டன. பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் இடது இண்டிகேட்டர் முன்பைவிட மங்கியது. இரவில் இண்டிகேட்டர் போட்டால் இடது பின்விளக்கும் அதே தாளத்தில் விட்டுவிட்டு எரிந்தது.

அக்டோபரில் பின்விளக்கு, முன் பார்க்கிங் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. 10 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினார்கள். ஒரு வாரத்தில் மறுபடி போனது. மூன்றாம் முறை 20 ஆம்பியர் ஃபியூஸ் செருகப்பட்டது. அதன்பின் ஃபியூஸ் போகவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒரு இரவு டிக்கியில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அடுத்த நாள் கார் ஒரு எலக்ட்ரிக்கல் பட்டறைக்கு வந்தது.

பட்டறையில் கண்டவை

உரிமையாளர் கேட்டது எளிமையான வேலை. “பல்பை நாலு தடவை மாத்தியாச்சுண்ணா. புதுசா ஒரு வயர் இழுத்து விட்டுடுங்க, போதும்.” மூத்த எலக்ட்ரீஷியன் ஒப்புக்கொள்ளவில்லை. “எங்க நிக்குதுன்னு பார்க்காம இழுத்தா, வேற இடத்துல வரும்மா. ஒரு நாள் விடுங்க” என்றார்.

முதலில் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. கழற்றிய பழைய பல்புகள் இருக்கின்றனவா? மூன்றும் டாஷ்போர்டு பெட்டியில் கிடந்தன. மூன்றிலும் இரு இழைகளும் முழுதாக இருந்தன, கண்ணாடி கறுக்கவில்லை, 12 வோல்ட் கொடுத்ததும் மூன்றுமே எரிந்தன. ஆக, பல்பு ஒருமுறைகூடக் கெட்டதில்லை. ஃபியூஸ் போன வேளைகளில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது இரண்டாம் கேள்வி. இரண்டு முறையும் இரவில், விளக்கு போட்டபடியே டிக்கியைத் திறந்து சாமான் ஏற்றியபின் என்றார் உரிமையாளர்.

இந்தப் பதில்களைப் பார்த்ததும் இவை இரண்டு தனித்தனிப் பழுதுகள் என்று ஊகிக்க முடிந்தது. மங்குவது ஒன்று, ஃபியூஸ் போவது இன்னொன்று. மங்கும் இணைப்பில் மின்னோட்டம் குறைகிறது. ஃபியூஸ் போகும் இணைப்பில் கூடுகிறது. ஒரே குறை இரண்டையும் செய்வது அரிது.

எல்இடி பல்புகளைக் கழற்றிவிட்டு பி21/5டபிள்யூ இழை பல்புகளைத் திரும்பப் போட்டார்கள். பிரேக்குக்கு 21 வாட், பின்விளக்குக்கு 5 வாட் என இரண்டு இழை கொண்ட பல்பு இது. எல்இடி கால் ஆம்பியர் அளவே இழுப்பதால் கெட்ட இணைப்பிலும் எரிந்துவிடும். அதை வைத்து அளந்தால் பழுது ஒளிந்துகொள்ளும். 21 வாட் இழை 1.75 ஆம்பியர் கேட்கும்போது இணைப்பின் உண்மை நிலை தெரியும்.

பட்டறையை இருட்டாக்கி, உதவியாளர் பிரேக்கை மிதிக்க, பின்னால் நின்று பார்த்தார்கள். இடது பிரேக் விளக்கு மங்கல். அதோடு, இடது இண்டிகேட்டர் இழையும் ரிவர்ஸ் விளக்கு இழையும் தணல் நிறத்தில் லேசாகச் சிவந்தன. பிரேக்கை விட்டதும் அவையும் அணைந்தன. ஒரு விளக்குக்குக் கொடுத்த மின்சாரம் பக்கத்து விளக்கில் தெரிகிறது என்றால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதைப் போன்ற குழப்பத்தை உண்டாக்கும் வேறொரு காரணமும் உண்டு. இரட்டை இழை ஹோல்டரில் ஒற்றை இழை பல்பைத் திணித்தால், அடியில் உள்ள இரண்டு தொடுமுனைகளையும் அது சேர்த்துவிடும். பிரேக் மிதித்தால் பார்க்கிங் விளக்குகளும் மீட்டர் விளக்கும்கூட எரியும். இரு புறமும் சரியான பல்பே இருந்ததால் அது விலக்கப்பட்டது.

அளவீடுகளும் அவை சொன்னதும்

எர்த்தைச் சோதிக்க மல்டிமீட்டரின் பீப் ஒலியை நம்புவது நம் பட்டறைகளில் பரவலான வழக்கம். இந்த வண்டியிலும் இடது விளக்கின் எர்த் பின் (pin) எனும் தொடுமுனையிலிருந்து பாடிக்குப் பீப் தெளிவாக ஒலித்தது. பல மீட்டர்கள் 30 முதல் 50 ஓம் வரைக்கும் பீப் அடிக்கும். அதற்கு அவை அனுப்பும் மின்னோட்டமோ மில்லி ஆம்பியர் அளவு. களிம்பேறிய முனை அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் கேட்கும். அந்த அரைகுறைத் தொடுதலால் விளக்கை முழு வெளிச்சத்தில் எரிக்க முடியாது.

ஆகவே சுமை கொடுத்து வோல்ட் இழப்பு அளக்கப்பட்டது. மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில், சிவப்பு முனை விளக்கின் எர்த் பின்னில். விளக்கு எரியும்போது இங்கே 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருப்பது நல்லது, 0.2 தாண்டினால் இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பிரேக் மிதித்தபோது வலப்புறம் 0.06 வோல்ட். இடப்புறம் 3.3 வோல்ட்.

3.3 வோல்ட்டே மோசமான அளவுதான். ஆனால் இணைப்பின் உண்மையான கேடு அதைவிடப் பெரிது. எர்த் அடைபட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். இடது கூட்டின் எல்லா பல்புகளும் ஒரே எர்த்தில் சேருவதால், பிரேக் இழையைக் கடந்த மின்சாரம் இண்டிகேட்டர் இழைக்குள் பின்னோக்கிப் புகுந்து, முன் இண்டிகேட்டர் பல்பு வழியாக முன்பக்க எர்த்துக்குப் போகிறது. அப்படியே இடது ரிவர்ஸ் இழை வழியாக வலது ரிவர்ஸ் பல்புக்குப் போய் அங்குள்ள எர்த்தில் இறங்குகிறது. குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு என்பதால் இந்தத் திருட்டு வழிகள் தாராளமாகவே திறந்திருக்கும். தணல் போலச் சிவந்த இழைகள் இந்த வழிகளைத்தான் காட்டின.

அந்த வழிகளை அடைக்க இடது கூட்டின் கப்ளர் (வயர் கட்டை விளக்கோடு இணைக்கும் செருகி) கழற்றப்பட்டது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 21 வாட் டெஸ்ட் பல்பு ஒன்றின் வழியாக, கப்ளரின் எர்த் பின்னுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தார்கள். பல்பு சிவந்ததோடு நின்றது. எர்த் பின்னில் 9.4 வோல்ட். 12 வோல்ட்டில் பெரும்பகுதி எர்த் வயரிலேயே வீணாகிறது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 12 ஓம் தடை. இதே சோதனை வலப்புறம் 0.07 வோல்ட் காட்டியது.

எல்இடி போட்டபின் இண்டிகேட்டர் ஏன் கெட்டது என்பதும் இதில் விளங்குகிறது. இழை பல்பு இருந்தவரை, இண்டிகேட்டரின் மின்சாரம் பிரேக் இழை வழியாகவும் வலப்புறம் தப்பித்துப் போக முடிந்தது. எல்இடி ஒரு திசையில் மட்டுமே கடத்தும். அந்த வழி மூடியதும் இண்டிகேட்டருக்குக் கிடைத்த வோல்ட் இன்னும் இறங்கியது, பொது எர்த்தின் வோல்ட் ஏறியது, அதில் எல்இடியும் சேர்ந்து துடித்தது. இழை பல்பில் வோல்ட் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். பகலில் அந்த இண்டிகேட்டரைப் பின்னால் வருபவர் பார்த்திருக்க முடியாது. ஒரு பழுதை மறைத்து, அதைவிட ஆபத்தான இடத்துக்கு மாற்றிய வேலை அது.

ஃபியூஸ் ஏன் போனது

ஃபியூஸ் பெட்டியில் 10 என்று அச்சிட்ட இடத்தில் மஞ்சள் ஃபியூஸ் இருந்தது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20 என்ற நிறக் கணக்கு தெரிந்தவர் கண்ணில் இது உடனே படும். இந்த சர்க்யூட்டின் முழுச் சுமை 2.5 ஆம்பியர் அளவுதான்: பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு, நம்பர் பிளேட்டில் ஒன்று என ஐந்து 5 வாட் பல்புகளும் மீட்டர் வெளிச்சமும். அதற்கு 10 ஆம்பியரே நான்கு மடங்கு. அது போகிறது என்றால் எங்கோ ஷார்ட். ஃபியூஸ் காப்பது வயரை, வயர் 0.5 சதுர மி.மீ. தடிமன்தான்.

ஷார்ட்டைத் தேட ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்று இணைக்கப்பட்டது. அந்த சர்க்யூட்டின் பல்புகள் எல்லாம் கழற்றப்பட்டன. இப்போது ஷார்ட் ஏற்பட்டால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மின்னோட்டமும் 1.75 ஆம்பியரைத் தாண்டாது என்பதால் எதுவும் கருகாது. டிக்கி மூடியிருந்தபோது பல்பு எரியவில்லை. மெல்லத் தூக்கியதும், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பளிச்சென்று எரிந்து, முழுதாகத் திறந்ததும் அணைந்தது. நான்கு முறை செய்தபோதும் அதே உயரம்.

கூரைக்கும் டிக்கி கதவுக்கும் நடுவே வயர்களைக் கொண்டுபோகும் ரப்பர் உறையை இழுத்துப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. எட்டு வயருக்கு அளவான உறைக்குள் கேமரா கேபிளையும் திணித்திருந்தார்கள். இடமில்லாமல் வயர்கள் கூரைத் தகட்டின் விளிம்பில் உரசி, நம்பர் பிளேட் வயரின் மேலுறை தேய்ந்து செப்பு வெளியே வந்திருந்தது. 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டபின் அந்த வயர் சூடாகி, உறை உருகி, பக்கத்து இரண்டு வயர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அரைகுறையாகத் தொடும் ஷார்ட்டில் பதினைந்து ஆம்பியர் வரை ஓடினாலும் 20 ஆம்பியர் ஃபியூஸ் நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும். கருகிய வாடை அங்கிருந்துதான் வந்தது.

எடுத்த முடிவுகள்

புது எர்த் வயரைப் பக்கத்துத் தகட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் அரை மணியில் விளக்கு எரியும். தற்காலிகமாக ஒரு வயரை வைத்துப் பார்த்தபோது எரியவும் செய்தது. அதை அப்படியே விட பட்டறை மறுத்தது. இடது பின் எர்த் போல்ட்டில் இரண்டு லக்குகள் இறங்குகின்றன. ஒன்று விளக்குக்கு, மற்றொன்று பெட்ரோல் பம்ப்புக்கு. விளக்கின் லக் இந்த நிலையில் இருந்தால், அதே தண்ணீரில் கிடந்த பம்ப்பின் லக்கும் அதே பாதையில்தான் போகும். அது போகும் நாளில் வண்டி நடுரோட்டில் நிற்கும். எனவே போல்ட்டையே திறப்பது என்று முடிவானது.

எல்இடி பல்புகள் திரும்பப் போடப்படவில்லை. கூட்டின் பிரதிபலிப்பான் இழை பல்பின் ஒளிப்புள்ளிக்காக வடிவமைக்கப்பட்டது என்பது ஒரு காரணம். இனியொரு முறை எர்த் கெட்டால் இழை பல்பு மங்கிக் காட்டிக்கொடுக்கும் என்பது இன்னொன்று.

ரப்பர் உறைக்குள் இருந்த எட்டு வயர்களில் உருகியதும் வெடித்ததுமான ஐந்தை மட்டும் மாற்றுவது என்று தீர்மானித்தார்கள். மற்ற மூன்றும் பார்வைக்கு நன்றாக இருந்தன, செலவைக் குறைக்கும் எண்ணமும் இருந்தது. இந்த முடிவு தவறானது.

வேலை நடந்த விதம்

பேட்டரி நெகட்டிவ் கழற்றப்பட்டது. இடது பின்பக்க மூடியை எடுத்ததும் எம்6 போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது தெரிந்தது. விளக்கு லக் இரு விரலால் இழுத்ததும் கையோடு வந்தது. பம்ப் லக்கின் கழுத்திலும் களிம்பு தொடங்கியிருந்தது.

வயரின் முனையை வெட்டியபோது உள்ளே செப்பு கறுப்பு. 40 மி.மீ. வெட்டியும் கறுப்பு. 110 மி.மீ. வெட்டிய பிறகே பளபளப்பான செப்பு தெரிந்தது; நீர் உறைக்குள் அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. கறுத்த இழையில் புது லக் போட்டால் சில மாதத்தில் அதே பழுது திரும்பும். வெட்டிய நீளத்தை 1.5 சதுர மி.மீ. வயரால் நிரப்பி, செப்பு ஸ்லீவ் போட்டு கிரிம்ப் செய்து (நசுக்கிப் பிடித்து), அதன் மேல், உட்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் சுருக்கப்பட்டது. ஈயப்பற்று வைக்கவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பியாக விறைக்கச் செய்யும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வால் ஒடியும். வெள்ளீயம் பூசிய புது 6 மி.மீ. லக்குகள் இரண்டு வயருக்கும் போடப்பட்டன.

போல்ட் உட்காரும் இடத்தைப் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புது போல்ட்டை 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார்கள். இறுக்கிய பிறகே மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசப்பட்டது. இரும்பும் லக்கும் நேரடியாக ஒட்டியபின் வெளி ஈரத்தைத் தடுக்க மட்டும்.

டிக்கி வயர்கள் ஐந்தும் 350 மி.மீ. நீளத்துக்குப் புதிதாக மாற்றப்பட்டன. இணைப்புகள் எதுவும் மடங்கும் பகுதிக்குள் வராதபடி ஒரு முனை கூரைக்குள்ளும் மறுமுனை கதவுக்குள்ளும் வைக்கப்பட்டது. ஒரே இடத்தில் முடிச்சு போலப் பருக்காமல் முன்பின்னாக இடம் மாற்றி. கேமராவுக்கு ரிவர்ஸ் வயரில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு அகற்றப்பட்டு, கிரிம்ப் இணைப்பும் தனியாக 2 ஆம்பியர் ஃபியூஸும் வந்தன. கேபிள் மறுபுறக் கீல் ஓரமாகத் தனி ரப்பர் வழியில் விடப்பட்டது. கட்டு முழுவதும் துணி டேப் சுற்றப்பட்டது. இன்சுலேஷன் டேப்பின் பசை நம் வெயிலில் உருகிப் பிரிந்துவிடும்.

கடைசியாகச் சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸ். எல்லாம் மாட்டி அளந்தபோது இடது எர்த்தில் பிரேக்குக்கு 0.05 வோல்ட், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் மூன்றும் எரியும்போது 0.09. பின்கதவுப் பக்கம் 20 நிமிடம் தண்ணீர் பீய்ச்சியபின் மறுபடி அளந்ததிலும் மாற்றமில்லை. ஒன்றரை நாள் வேலை. பொருளும் கூலியும் 4,200 ரூபாய்.

பின்னர் நடந்தது

மூன்றாம் வாரம் வண்டி திரும்ப வந்தது. பின் கண்ணாடிக்கு மேலுள்ள மூன்றாவது பிரேக் விளக்கு எரியவில்லை. நல்லது என்று விட்ட மூன்று வயர்களில் ஒன்று, மேலுறையில் கீறல்கூட இல்லாமல் உள்ளே செப்பு ஒடிந்திருந்தது. பத்து செ.மீ. பிடித்து மெல்ல இழுத்தபோது ரப்பர் போல நீண்டது. செப்பு முழுதாக இருக்கும் வயர் அப்படி நீளாது. அந்த இழுப்புச் சோதனையை முதல் முறையே மூன்று வயரிலும் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மீதி மூன்றும் கூலி வாங்காமல் மாற்றப்பட்டன.

ஆறு மாதம் கழித்து வேறு வேலைக்கு வந்தபோது இடது எர்த் 0.06 வோல்ட். ஃபியூஸ் ஒருமுறையும் போகவில்லை.

மாற்ற வேண்டியவை

வெள்ளத்தில் நின்ற காரைச் சீர் செய்யும்போது, தரைவிரிப்பு வெளியே இருக்கும் அந்த நாளிலேயே நீர்மட்டத்துக்குக் கீழுள்ள எல்லா எர்த் போல்ட்டுகளையும் திறந்து, லக்கை இழுத்துப் பார்த்து, சுத்தம் செய்ய வேண்டும். உட்பகுதி அவிழ்ந்து கிடக்கும்போது இது இரண்டு மணி நேர வேலை. மூடிய பிறகு ஒரு நாள். இன்சூரன்ஸ் மதிப்பீட்டில் இந்த வேலையைத் தனி வரியாக எழுதும்படி உரிமையாளர் கேட்கலாம். தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் பேட்டரி நெகட்டிவை முன்கூட்டியே கழற்றிவிடுவதும் பல இணைப்புகளைக் காக்கும்.

முதல் கடையில் தவறவிட்ட இடம், இரண்டாம் பல்பை மாற்றிய நாள். கழற்றிய பல்பை வெளிச்சத்தில் பிடித்து இழையைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. இழை முழுதாக இருந்தால் பழுது வயரில்.

இந்தப் பட்டறை அதன்பின் இரண்டு வழக்கங்களை மாற்றியது. டிக்கி உறைக்குள் ஒரு வயர் கெட்டால் உள்ளிருக்கும் எல்லா வயரும் மாறும். அந்தச் செலவை முதலிலேயே உரிமையாளரிடம் சொல்லிவிடுகிறார்கள். விளக்கு மங்குகிறது என்று வரும் எந்த வண்டியிலும், பல்பைத் தொடுமுன் நான்கு மூலை எர்த்திலும் 21 வாட் டெஸ்ட் பல்பு வைத்து அளந்த வோல்ட் பில்லின் பின்புறம் எழுதப்படுகிறது. அடுத்த முறை அந்த வண்டி வரும்போது ஒப்பிட அந்த நான்கு எண்கள் போதும்.